சம்பத் உடைப்பு

செப்டம்பர் 12, 1943

மூத்தார் இன்றைக்கும் இவரைக் கலங்கலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். மூத்தார் என்றால் இவருடைய அண்ணன், ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரர். ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகத்தான் கலங்கல். அதன்மேல் பனந்துண்டு அடுக்கி, களிமண் பூசி உயர்த்துகிறாராம். தண்ணீர் கூட நின்றால் இன்னொரு போகம். யுத்தத்தில் அரிசி விற்கிற விலைக்கு அவருக்குத் தூக்கம் வருமா? மண் சுமப்பது மட்டும் இவர். அண்ணன் சொன்னால் கிணற்றில்கூடக் குதிப்பார்.

செப்டம்பர் 20

ஏரிக்குக் கீழே இருக்கிற கீழூர்க்காரர்கள் வந்து கத்திவிட்டுப் போனார்கள். கரை தாங்காது, அடைப்பை எடு என்று. நம் ஏரி, நம் இஷ்டம் என்று மூத்தார் துரத்திவிட்டார். அவர்கள் சொன்னது நியாயம்தானே என்று இவரிடம் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அண்ணாத்தே பாத்துதான் செய்யும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டைப் பிடுங்கிவிட்டேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். போகட்டும்.

அக்டோபர் 6

மழை. விடவே இல்லை.

அக்டோபர் 8

தண்ணீர் கரை மட்டத்துக்கு வந்துவிட்டது. கீழூர்க்காரர்கள் வந்து அடைப்பைப் பிடுங்கிவிடுவார்களாம். அதற்கு இவர் காவல், கொட்டுகிற மழையில், கலங்கல் மேலேயே. மூத்தார் கம்பளிக்குள். கதவுக்குப் பின்னால் நின்று, உங்கள் தம்பியை வீட்டுக்குக் கூப்பிட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். நான்! இந்த மனுஷனிடம்! "பொம்பளைக்கு இன்னாத்துக்கு ஏரிப் பேச்சு" என்றார்.

அக்டோபர் 10

கரை போய்விட்டது. இவரும்.

அக்டோபர் 17

பாரிவாக்கம் பக்கம் ஒரு வரப்பில் கிடைத்தார். பட்டணத்திலும் கூவம் ஏறி ஊரே மிதக்கிறதாம். எனக்கென்ன பட்டணம்?

கீழூர் கன்னியப்பன் வந்தான். அவன் வீடும் போய்விட்டது. கரை உடைவதற்கு முன்னால் இவர் கடப்பாரையால் பனந்துண்டுகளை நெம்பிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தானாம். அண்ணன் பேச்சை ஒரே ஒரு தடவை மீறியிருக்கிறார். அதுவும் நேரம் கடந்து.

நவம்பர் 3

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். கலங்கலை அடைத்தது யார் என்று ஊரைக் கூட்டிக் கேட்டார். எல்லோரும் மூத்தார் நிலத்தில் பிழைக்கிறவர்கள். தரையைப் பார்த்தார்கள். தாலி அறுத்தவள் சபைக்கு வரக்கூடாது என்று தடுத்தவளைத் தள்ளிவிட்டு முன்னால் போனேன். எனக்குத் தெரியும் என்றேன். பேரைச் சொல்லு என்றார்.

வாயெடுத்தேன். வரவில்லை. புருஷன் பேரையும் மூத்தார் பேரையும் எங்களில் பெண்கள் சொல்வதில்லை. இந்த நோட்டில்கூட நான் எழுதியது கிடையாது. "நான் பேர் சொல்லக் கூடாதவருங்க" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டதாம். பெண்டாட்டி பேர் சொல்லக் கூடாதவன் என்றால் புருஷன்தானே? எழுதிக்கொண்டார். இல்லைங்க, அவங்க அண்ணன் என்று நான் பதறுவதற்குள், மூத்தார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "என் தம்பிதாங்க. சொல்லச் சொல்லக் கேக்கல" என்றார். அழுதார் வேறு. படுபாவி. நான் கத்தினேன். புத்தி பேதலித்துவிட்டது என்று உள்ளே இழுத்துப்போனார்கள்.

அந்தப் பேரைச் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? முறையாம், முறை. எவனுக்காக இந்த முறை?

ஜனவரி 22, 1944

வேப்பம்பட்டில் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டேன். இவர் ஊரில் விட்டுவந்த பெட்டியை எடுத்துவர இன்று வண்டி பேசினேன். வண்டிக்காரன் என்னை அறியாதவன். போகிற ஊரைச் சொன்னதும், "அந்தப் பக்கம் வண்டி வராதும்மா. சம்பத் ஒடப்பாண்ட பாத அறுத்துகினு பூட்ச்சி" என்றான்.

ஊர் அதற்குப் பேரே வைத்துவிட்டது. இவர் பேரை.

"சம்பத் இல்லய்யா. சம்பத் என் ஊட்டுக்காரரு. அடச்சது அவரு அண்ணன் செங்கல்வராயன். செங்கல்வராயன் ஒடப்புன்னு சொல்லு" என்றேன்.

இரண்டு பேரையும் வாய்விட்டுச் சொன்னது இன்றைக்குத்தான். நாக்கு ஒன்றும் அழுகிவிடவில்லை.

அவன் மாட்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே சொன்னான்: "யார் ஒடப்பா இர்ந்தா இன்னாம்மா. வண்டி போவாது."