அடியில் ஒட்டிவந்த கடிதம்

படப்பை,
14.9.2009

அன்பு மகள் எழிலரசிக்கு,

மாமா யாக்கோபு எழுதுவது. சாத்தான்குளத்தில் நீயும் உன் அப்பா அம்மாவும் கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இங்கே நானும் உன் அத்தை ரத்னாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுத மனம் வரவில்லை.

நீ கிளம்பிப் போய்ப் பத்தொன்பது நாள் ஆகிறது. நீ போனை எடுப்பதில்லை என்று ஹேமந்த் மஸ்கட்டிலிருந்து தினமும் புலம்புகிறான். “உன் பெண்டாட்டி மேல் தப்பில்லை, தப்பு என்னுடையது” என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

அவன் மஸ்கட்டுக்குப் போகுமுன் கம்ப்யூட்டர் வாங்கி வைத்து, வீட்டுக்கெல்லாம் சேர்த்து ஒரே மெயில் முகவரி போட்டு, பாஸ்வேர்டை மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போனான். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அவன் மெயிலை நான் சத்தமாக வாசிப்பேன். ரத்னா காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். நீ கிளம்புவதற்கு முந்தின ஞாயிறும் அப்படித்தான். நீ அவனுக்கு எழுதியதை அழித்துவிட்டிருந்தாய். ஆனால் அவன் பதில் போட்டபோது உன் கடிதமும் அடியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கடைசி வரி வரை விடாமல் வாசிக்கிற வாத்தியார் பழக்கம் எனக்கு. நீ ஒரகடம் கம்பெனியில் வேலைக்கு எழுதிப் போட்டிருப்பதையும், அத்தை விடமாட்டார்கள் என்பதையும், யார் எழுத்து என்று உறைக்குமுன் வாசித்துவிட்டேன். “மாமா நல்லவங்கதான், ஆனா பேச வேண்டிய நேரத்துல பேச மாட்டாங்க” என்ற இடத்தில்தான் என் குரல் நின்றது.

பிறகு ரத்னா உன்னை என்னென்னவோ பேசினாள். நான் வாய் திறக்கவில்லை. நீ எழுதியது சரிதான் என்று அங்கேயே காட்டிவிட்டேன்.

பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் விடைத்தாள் கொடுத்திருக்கிறேன். மார்க் குறைந்த பிள்ளையின் தாளைக் கவிழ்த்துத்தான் கொடுப்பேன், பக்கத்துப் பிள்ளை பார்க்கக் கூடாதென்று. வீட்டில் அது தோன்றவில்லையே அம்மா.

போன வியாழக்கிழமை அந்தக் கம்பெனியிலிருந்து உனக்கு மெயில் வந்தது. இருபத்தொன்றாம் தேதிக்குள் பதில் தேவை என்று தலைப்பிலேயே இருந்தது. ரத்னா அழித்துவிடச் சொன்னாள். உனக்கு வந்ததில் நாங்கள் கை வைக்கக் கூடாது என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மூவருக்கும் தனித்தனிக் கணக்கு தொடங்கப் போகிறேன் என்றதும், “ஒரே வூடு, ஒரே அடுப்பு. மெயிலுக்கு மட்டும் இன்னாத்துக்கு ஆளுக்கொரு பொட்டி?” என்று கேட்டாள். மறுநாள் தன் கணக்குக்குப் பாஸ்வேர்டு தட்டும்போது என்னைச் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னாள்.

கம்பெனி மெயிலை உன் புது முகவரிக்கு அனுப்பிவிட்டேன். அனுப்புவதற்குத் திறந்துதான் ஆக வேண்டியிருந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் திறந்தேன். பழைய பெட்டியில் அது இப்போது இல்லை. மானிட்டரில் இருந்த சீட்டையும் கிழித்துவிட்டேன்.

இந்த உறைக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுச் சீட்டில் உன் முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கின்றன. பாஸ்வேர்டு எனக்குத் தெரியும் என்பதால் அது பூட்டே இல்லை. பிரவுசிங் சென்டருக்குப் போனதும் முதலில் அதை மாற்று. புதியதை யாருக்கும் சொல்லாதே, எனக்கும் சேர்த்துத்தான். அப்புறம் அந்த மெயிலைத் திற. என்ன பதில் போடுவதென்று நீ முடிவு செய். நான் கேட்கமாட்டேன்.

ஒன்று மட்டும் விசாரித்து வைத்திருக்கிறேன். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ் படப்பை பஸ் ஸ்டாண்டில் பதினொன்றரைக்கு நிற்கிறது. நம் தெருவில் விளக்கு எரிவதில்லை. டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டிருக்கிறேன்.

நீ எந்தப் பக்கம் போனாலும், எந்நேரம் திரும்பினாலும், கர்த்தர் கூடவே நடக்கட்டும்.

உன் மாமா,
யாக்கோபு