உன் மடியில் ஒன்றும் இல்லை

அன்றைக்கு வரப்பில் இருந்தவர்கள் நிலத்துக்காரர் கோவிந்தன், அவர் மகன் சேகர், மல்லாட்டை, அதான் நிலக்கடலை, பிடுங்க வந்த குப்பு, லட்சுமி, நீ, நான், அப்புறம் வண்டியில் மாடு பூட்டிக்கொண்டிருந்த உன் புருஷன் ஏழுமலை. ஏழு பேர். ஒருவரையும் நான் மறக்கவில்லை.

இன்று திண்டிவனத்தில், மகன் வீட்டில், பேத்தி மல்லாட்டை அவித்துக் கொண்டுவந்து வைத்தாள். ஆவியில் அந்த மண் வாசனை. "ஆயா, ஸ்கூல்ல பேசணும். நல்ல சமுதாயம்னா அதுல என்னா இருக்கணும்?" என்றாள். எனக்கு உன் கைதான் ஞாபகம் வந்தது.

எண்பதுகளில் நம் ஊர் காணைப் பக்கம் அதுதானே வழக்கம்? வேலை முடிந்ததும் பெண்கள் வரிசையாக நின்று மடியை அவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும். திருடவில்லை என்று தெரிந்தால்தான் வீட்டுக்கு விடுவார்கள். நாங்கள் உதறினோம். நீ உதறவில்லை.

"நாளெல்லாம் குனிஞ்சி புடுங்கினேன் ஆண்டே. மடிய மட்டும் அவுக்கச் சொல்லாதீங்க."

"திருட்டு நாயிக்கு ரோஷத்தப் பாரு!"

கோவிந்தன் செடி அடிக்கிற தடியால் ஓங்கி அடித்தார். முதல் அடியிலேயே உன் முழங்கை எலும்பு வெளியே வந்தது. மடி தானாக அவிழ்ந்தது. விழுந்தது ஒரு வெற்றிலை, பாதிக் கொட்டைப்பாக்கு. ஏழு பேரும் பார்த்தோம்.

அந்தத் தடியைப் பிடுங்கி அவர் மண்டையில் போட்டேன். ரத்தம் வேட்டிவரை இறங்கியது. சேகர் என் மயிரைப் பிடித்துத் தள்ளி, வாயிலேயே மிதித்தான். இடது பக்கம் இரண்டு பல் வரப்பில் போயிற்று. விழுந்து கிடந்த நீ, "எழுந்திருடி அஞ்சலை, மிச்சப் பல்ல காப்பாத்து. மல்லாட்டை தின்ன வாணாமா?" என்றாய். பாவி, அந்த வலியிலும் உனக்குக் கிண்டல்!

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வந்த மறுநாள் பஞ்சாயத்து. உன் மடியில் மல்லாட்டை இருந்ததா என்று கேட்டார்கள். குப்புவும் லட்சுமியும் தலையைக் குனிந்துகொண்டார்கள். "இல்ல, இல்ல" என்று நான் கத்தினேன். அடித்தவள் பேச்சு எடுபடவில்லை. உன் புருஷன் எழுந்தான்.

"ரெண்டு கை மல்லாட்டை இருந்துச்சுங்க. மாட்டப் புடிச்சிக்கினு நின்னேன், கண்ணால பார்த்தேன்."

பஞ்சாயத்து சொன்னபடி ஒற்றைக் கையை ஊன்றி எல்லார் காலிலும் விழுந்தாய்.

"வண்டி வேல போயிடும்னு பயந்துட்டாரு. விட்டுடுடி," என்று பிறகு என்னிடம் சொன்னாய். அந்தக் கோணல் கையாலேயே நீ சாகும்வரை அவனுக்குச் சோறு வடித்தாய்.

பேத்தியிடம் சொன்னேன். "எழுதிக்கோ. எவ மடியையும் எவனும் அவுக்கச் சொல்லக் கூடாது. பார்த்தவங்க பார்த்தத சொல்லணும்."

"அவ்ளோதானா ஆயா?"

அவ்வளவு இருந்திருந்தால் உன் கை நேராக இருந்திருக்கும்.

கோவிந்தன் படுக்கையில் விழுந்தபோது போய்ப் பார்த்தேன். அவர் மண்டைத் தழும்புக்கும் என் பல்லுக்கும் சரியாகப் போயிற்று. சேகரை விட்டுவிட்டேன். பிள்ளைக்காரிகள் குப்புவையும் லட்சுமியையும் அன்றே விட்டேன். இன்னும் வலது பக்கமாகத்தான் மல்லாட்டை மெல்லுகிறேன். மெல்லும்போதெல்லாம் "கண்ணால பார்த்தேன்" என்ற அந்தக் குரல் கேட்கிறது. நீ மன்னித்தாய், அது உன் மனசு. நான் மன்னிக்காத ஆள் ஒருவன்தான். ஏழுமலை.