ஒரு சிட்டிகை பழைய தூள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முந்திரி மரத்தைத் துளைக்கும் புழு தூள் தள்ளுமே, அந்தத் தூள் திங்கட்கிழமை என் டப்பாக்களில் இல்லை. நீ சுகமா? அப்பாவுக்கு முட்டிவலி தேவலையா? போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன்.

இந்தக் கோயம்புத்தூர் ஆராய்ச்சிக்கூடத்தில் டப்பாக்களில் வளர்க்கும் புழுக்களுக்குத் தீனியான முந்திரிக் கட்டையை மாற்றுவதுதான் என் வேலை. போன வாரம் பழைய தூளையெல்லாம் கொட்டி, டப்பாக்களை வெந்நீரில் கழுவி, புதுக் கட்டை வைத்தேன். குட்டிப் புழுக்கள் வாடிப்போயின. வேலை போய்விடும் என்று பயந்தேன்.

கூடத்தை நடத்தும் தேன்மொழி மேடம் திட்டவில்லை. "மரத்தைச் செரிக்க வைக்கிறது அது வயித்துல இருக்குற கிருமிங்க, பிரவீணா. பெரிய புழு கழிச்ச தூளத் தின்னுதான் குட்டிக்கு அந்தக் கிருமி வருது. நீ அதைக் கழுவிட்டியே!"

"எங்கம்மா இப்படித்தான் கழுவுவாங்க மேடம்," என்றேன். சிரித்துவிட்டார். நான் கழுவாத பக்கத்து அறையில் இருந்த பெரிய புழுக்களின் பழைய தூளில் ஒவ்வொரு சிட்டிகை எடுத்து என் எல்லா டப்பாவிலும் போட்டோம்.

விடுதிச் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் வயிற்றில் தங்கவில்லை. செந்துறையிலிருந்து மாமா வரும்போது மோர்மிளகாயும், உறை ஊற்ற நம் வீட்டுத் தயிர் ஒரு கிண்ணமும் கொடுத்துவிடு. கடைத் தயிர் வேண்டாம். பயப்படாதே.

கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். இன்று காலை ஒரு டப்பாவில் கட்டையோரம் புதுத் தூள் கிடந்தது. துடைக்காமல் மூடி வைத்தேன்.

உன் பிரவீணா