அப்பாவுக்குக் கிடைத்த திட்டு

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நான், அப்பா, உன் தங்கை மூவரும் இங்கே சௌக்கியம், சமையலறைக் குழாய்க்குத்தான் சௌக்கியமில்லை, ஒழுகிக்கொண்டே இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் “இருக்கேம்மா” என்பாய், அதனால் நன்றாக இருக்கிறாய் என்று நானே வைத்துக்கொள்கிறேன். உன் தங்கை கார் ஓட்டப் பழகுகிறாள், நம் தெருப் பூனைகளெல்லாம் மதில்மேல் ஏறிவிட்டன. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே, போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எப்படிப் பேசுவது?

அப்பா நன்றாக இருக்கிறார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வெட்டு மேசையில் துணியை விரித்துவிட்டுக் கத்தரியை எடுக்க முடியாமல் அவர் அழுதுகொண்டு நின்றதும், டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்து ஓய்வெடுக்கச் சொன்னதும் உனக்குத் தெரியும். அப்பா முன்பு வேலை பார்த்த இடத்தில் இதே போல் ஒருவருக்கு வந்தபோது மறுநாளே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள், நமக்கும் அதுதான் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். ஆனால் இந்த யூனிஃபார்ம் கம்பெனி மேனேஜர் தங்கமான மனிதர், வீட்டுக்கே வந்து உங்கள் இடம் அப்படியே இருக்கும், மெதுவாக வாருங்கள் என்றார். அப்பா திரும்பிப் போனதும் ஜன்னலோரம் மெத்தை வைத்த நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அங்கேதான் வினை. அப்பாவிடம் யாரும் வேலையைப் பற்றிப் பேசக்கூடாது, சத்தம் போடக்கூடாது என்று எல்லோருக்கும் உத்தரவாம். ரேடியோவை அணைத்துவிட்டார்கள், அவர் பக்கமாகப் போகிறவர்கள் பூனை நடை நடந்தார்கள், கட்டிங் மாஸ்டராக இருந்தவருக்குப் பொத்தான்களை நிறவாரியாகப் பிரிக்கிற வேலை. வீட்டுக்கு வந்து “எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கறாங்க, நான்தான் அங்க இல்ல” என்றார். போன உயிர் திரும்பி வரும் என்று பார்த்தால் இருப்பதும் போய்விடும்போல் இருந்தது, வேலையை விட்டுவிடப்போகிறேன் என்றுகூடச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் ஒரு ஹோட்டல் ஆர்டர் வந்தது, கோடு போட்ட சட்டை. புதிதாக வந்த கட்டர் பையன் சட்டைக் கோட்டோடு பாக்கெட் கோடு சேராமல் வெட்டிக்கொண்டே போயிருக்கிறான், அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். இஸ்திரி போடும் அக்காவை உனக்குத் தெரியுமே, உன் பட்டமளிப்புக் கோட்டைத் தேய்த்துக் கொடுத்தவள், அவள் அந்தச் சட்டையைத் தூக்கிக்கொண்டு நேராக அப்பாவிடம் வந்து “கண்ணு முன்னாடியே கோணலா வெட்டறான், பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களே மாஸ்டர், நல்லாவா இருக்கு?” என்று ஒரு பிடி பிடித்துவிட்டாளாம். மேனேஜர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்தாராம். அப்பா எழுந்து “என்னை யாரு கேட்டாங்க?” என்று பதிலுக்குச் சத்தம் போட்டுவிட்டு, சாக்பீஸை எடுத்துக் கோட்டைச் சேர்த்துக் காட்டியிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் “இன்னிக்கு என்னைத் திட்டினாங்க” என்றார் பாரு, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

திட்டினால் நோய் போய்விடும் என்று அம்மா சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்ளாதே. மாத்திரை நிற்கவில்லை, டாக்டரிடம் போவதும் நிற்கவில்லை. ஆனால் மறுநாள் மேனேஜர் செய்ததுதான் பெரிது. எதிரே உட்கார்ந்து, எது முடியும், எது முடியாது, நீங்களே சொல்லுங்கள் மாஸ்டர் என்று முதல்முறையாகக் கேட்டார். மாத்திரை மயக்கம் தெளிந்துதான் காலையில் வரமுடியும், கட்டிங் மெஷின் இப்போதைக்கு வேண்டாம், துணி விரித்து மார்க் பண்ணுகிறேன், நெஞ்சு அடைத்தால் வெளியே போய் நிற்பேன், யாரும் பின்னால் வரவேண்டாம் என்றாராம் அப்பா. மேனேஜர் எல்லாவற்றுக்கும் சரி என்றுவிட்டார். மெத்தை நாற்காலி இப்போது மேனேஜருக்கே போய்விட்டது, ரேடியோ மறுபடி அலறுகிறது. சில நாள் அப்பா வெளியே போய் நிற்கிறார், நின்றுவிட்டு உள்ளே வருகிறார். போன வாரம் மெஷினையும் கையில் எடுத்துவிட்டார்.

இனி உன் விஷயம். நீயும் அந்த மேனேஜர் முதலில் பண்ணின மாதிரிதான் பண்ணுகிறாய். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் அப்பாவோடு மல்லுக்கு நிற்பாய், இப்போது போனில் “சாப்டீங்களாப்பா, தூங்கினீங்களாப்பா” என்று நர்ஸ் மாதிரி கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். புதுக் கோட்டு போட்டுப் படம் அனுப்பினாயே, அப்பா அதைப் பெரிதாக்கிப் பார்த்து, தோள் இரண்டு பக்கமும் இறங்கி நிற்கிறது என்று மூன்று நாளாக என்னிடம் புலம்புகிறார். அவனிடமே சொல்லுங்களேன் என்றேன். “அவன் என்னை ரொம்பப் பத்திரமா வச்சிருக்கான், அதைக் கெடுப்பானேன்” என்றார்.

நீண்ட ஆயுளோடும் நல்ல பசியோடும் இரு, ராத்திரி கண்விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது கோட்டைப் பற்றி அப்பாவிடம் கேள். கட்டாயம் திட்டுவார். நீயும் திருப்பிப் பேசு.

உன் அம்மா