மாஸ்டர் ஓடிய கதை

தம்பிக்கு,

சிரிக்காதே. ஊருக்கெல்லாம் கராத்தே சொல்லித்தரும் உன் அண்ணன் நான், நேற்று ஒருவனுக்குப் பயந்து நடுத்தெருவில் ஓடினேன். பஸ்ஸில் அவன் காலை மிதித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டு இறங்கினால், "யோவ், நில்லுய்யா!" என்று துரத்துகிறான். தொப்பை முன்னே ஓட, நான் பின்னே ஓடினேன்.

"மாஸ்டர், இது எந்த பெல்ட்டுக்கான பாடம்?" என்று, தெருவில் அதைப் பார்த்துவிட்ட என் மாணவர்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

உன் கதை அவர்களுக்குத் தெரியாது. அன்று நீ ஒரே ஒரு குத்துதான் விட்டாய். விழுந்தவன் தலை நடைபாதைக் கல்லில் பட்டது, அவன் எழுந்திருக்கவேயில்லை. நானும் சிறைக்கு வந்துவிட்டால் அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? உன் தட்டை இன்னும் தினமும் கழுவி வைக்கிறாள்.

சாயங்காலம் அந்த ஆள், என் பனியனில் இருந்த கராத்தே வகுப்பின் பெயரை வைத்து அங்கேயே தேடி வந்துவிட்டான். உனக்கு வாங்கிய சட்டையை நான் பஸ்ஸிலேயே விட்டிருக்கிறேன். அதைக் கொடுக்கத்தான் துரத்தினானாம்.

உன் அண்ணன்