சிக்கிக்கொண்ட துப்பாக்கி

அன்புள்ள காவேரிக்கு,

நான் இங்கே சுகம். உன் கால் வலி குறைந்ததா? சுவேதா பஸ்ஸைத் தவறவிடாமல் பள்ளிக்கூடம் போகிறாளா? கூட வேலை செய்கிற பாலாஜி லீவில் அஞ்செட்டிக்கு வருகிறான். அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இந்தத் துபாய் கிளப்பில் மெஷின் களிமண் தட்டுகளை வானத்தில் வீசும், வருகிறவர்கள் அதைச் சுடுவார்கள். துப்பாக்கி மக்கர் செய்தால் சரிபார்ப்பது என் வேலை.

போன வெள்ளிக்கிழமை ஒருத்தர் வேகவேகமாகச் சுடும்போது துப்பாக்கி சிக்கிக்கொண்டது. அதைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பப் போனார்.

"ஏய், திரும்பாதே! அப்படியே நில்லு!"

நான் கத்தியதில் தமிழ் தெரியாத மனுஷன்கூட அப்படியே நின்றுவிட்டார். வாங்கிப் பார்த்தால் பெரிய கோளாறு இல்லை. அவசரத்தில் குழாய்க்கு அடியில் இருக்கிற முன்பிடியை முழுசாகப் பின்னுக்கு இழுக்காமல் முன்னே தள்ளியிருக்கிறார். சுட்ட தோட்டாவின் கூடு வெளியே வராமல் மாட்டியிருந்தது. முழுசாக இழுத்ததும் விழுந்துவிட்டது. பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் கத்தியது என் குரல் மாதிரியே இல்லை, காவேரி. கல்யாணமான புதுசில், ராகிக் கொல்லையில் யானை நிற்பது தெரியாமல் நான் போனபோது காவல் பரண்மேலிருந்து கத்தினாயே, அந்தக் குரல். அப்புறம் வீடு வரும்வரை நீ என் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தாய்.

பாலாஜி திரும்பும்போது ராகி மாவும் கொள்ளுப் பொடியும் கொடுத்துவிடு. சிக்னல் கிடைக்கிற இடத்துக்குப் போனால் போனில் உன் குரலைப் பதிந்து அனுப்பு. என்ன பேசுவதென்று யோசிக்காதே, என்னைத் திட்டினாலும் போதும்.

வண்டி வந்துவிட்டது, பாலாஜி கூப்பிடுகிறான்.

உன்
ராஜ்குமார்