நான்கு ஜிபிக்குள் ஒரு கடைத்தெரு

அன்பு நண்பனுக்கு,

புதிதாக வாங்கிய ஒரு கேமின் செட்டிங்ஸ் பக்கத்தை இன்று மாலை திறந்தேன். பரப்புகளின் மேல் போர்த்தும் படங்களான டெக்ஸ்சர்களின் தரத்தை ஒரு படி உயர்த்தியதும், கிராபிக்ஸ் கார்டின் மெமரியைக் காட்டும் பட்டை பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியது. பன்னிரண்டு ஜிபி கார்டு, அதுவும் போதவில்லை. சிவப்பைக் கண்டால் தரத்தைக் குறைத்துக்கொள்வதே முறை. ஆனால் என் கை மவுஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது. "இன்னா ஆபீசர், ஒத்துக்கலயா?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து நீ கேட்பதுபோல் இருந்தது. மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய் ஓராண்டு ஆகப்போகிறது.

ஆம்பூர் ஷூ கம்பெனியின் டிசைன் பிரிவில் தோலை ஸ்கேன் செய்து, கணினியில் ஷூவின் மேல் போர்த்துவது உன் வேலை. அளவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. விதிமுறையை நான் விட்டுக்கொடுப்பதில்லை என்பதால் எனக்கு ஆபீசர் என்று பெயர் வைத்தாய். விடுமுறை நாள்களில் நாம் இருவரும் ஒரு கேம் செய்தோம். பிரியாணிப் பார்சலுடன் பைக்கில் ஆம்பூர் கடைத்தெருவைக் கடந்து, ரயில் கிளம்புமுன் ஸ்டேஷனைச் சேர வேண்டும்; ஆட்டம் அவ்வளவுதான். உன் ஆசையோ பெரியது. பஸ் ஸ்டாண்டு அருகே பாய் நடத்தும் கேமிங் சென்டருக்கு ஞாயிறுதோறும் நம் கம்பெனி ஆட்கள் வருவார்கள். தங்கள் ஊரையும் தாங்கள் தைக்கும் தோலையும் அவர்கள் அங்கே திரையில் பார்க்க வேண்டும் என்றாய். பாயின் கணினிகளில் இருந்தவை நான்கு ஜிபி கார்டுகள்.

என் வீட்டுக் கணினியில் கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது. பாயின் கடையில், பைக் கடைத்தெருவுக்குள் திரும்பியதும் படம் உறைந்தது, துள்ளியது, மறுபடியும் உறைந்தது. பிரியாணி போய்ச் சேருமுன் ரயில் போய்விட்டது.

"இன்னா தோஸ்த், கேம்னு சொல்லிட்டு கல்யாண ஆல்பம் காட்றீங்க?" என்றார் பாய். "வர்ற ஞாயித்துக்கெழமக்குள்ள சரி பண்ணுங்க. இல்லாட்டி தூக்கிடுவேன். கஸ்டமர் பேஜாராயிடுவாங்க."

நான் அளந்து பார்த்தேன். சராசரியில் குறையில்லை, அந்தத் திருப்பத்தில் மட்டும் நொடிக்கு ஓடும் ஃபிரேம்களின் எண்ணிக்கை சரிந்தது. கார்டு வேகமானதுதான், அதன் சொந்த மெமரியில்தான் இடமில்லை என்று நான் விளக்கத் தொடங்கியதும் நீ குறுக்கிட்டாய்.

"புரிஞ்சுது. கட்டிங் டேபிள் ரொம்பிடுச்சு. அடுத்த தோல் குடோன்லேந்து வரணும். அதுவரைக்கும் கட்டர் கத்திய புடிச்சிக்கினு சும்மா நிக்கிறான்."

அதற்குப் பிறகு நான் படித்த எந்த விளக்கமும் இதைவிடத் துல்லியமாக இல்லை. கார்டில் இடம் பெறாத படங்கள் கணினியின் பொது மெமரியிலிருந்து குறுகிய வழியாக வந்து சேர வேண்டும். வரும்வரை கார்டு காத்துக்கிடக்கிறது.

ஏன் நிரம்பியது என்று கோப்புகளைத் திறந்து பார்த்தேன். கடைகளில் அடுக்கியிருந்த ஒவ்வொரு ஷூவின் உள் லைனிங்கையும் முழு அளவில் ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தாய். பைக் சீட்டின் அடிப்பக்கத்துக்குக்கூடத் தனிப் படம்.

"ஷூவுக்கு உள்ள யார்ரா பாக்கப் போறா?"

"சரக்கு வாங்க வர்ற பையர் திருப்பித் திருப்பிப் பாப்பான் இல்ல?"

"கேம்ல ஏதுடா பையர்?"

"இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பயந்து பயந்தே வளர்ந்த கை, ஆபீசர். அதுவா போட்டுடுச்சு" என்றாய்.

எல்லாப் படங்களையும் ஒரே விகிதத்தில் சுருக்கினேன். கேம் தடையின்றி ஓடியது. நீ திரையைப் பார்த்துவிட்டு ஒரே சொல் சொன்னாய்: "ரெக்சின்."

"ஓடுது இல்ல?"

"தோலு தெச்சு சாப்பிட்ற ஜனத்துக்கு ரெக்சினக் காட்டணுமா? அதுக்கு ஓடாமலே கெடக்கட்டும்."

உன் குரலில் அதுவரை நான் கேட்டிராத ஒரு கண்டிப்பு இருந்தது. சுருக்கிய படங்களைப் பழையபடியே மாற்றிவைத்தேன்.

பிறகு நீ செய்ததை வேறு ஊரில் எவரும் செய்திருப்பார்களா என்று தெரியவில்லை. ஒரு தோலில் முதுகுப் பகுதியை ஷூவின் முன்பக்கத்துக்கும், தளர்ந்த வயிற்றுப் பகுதியை மறைவான துண்டுகளுக்கும் ஒதுக்குவது கட்டிங் பிரிவின் வழக்கம். அந்த வழக்கத்தைத் திரைக்குக் கொண்டுவந்தாய். கண் முதலில் படும் கடைகளின் முன்வரிசைத் தோல் பைகளுக்கும் பைக் சீட்டுக்கும் முழுத் தரம். பின்வரிசைக்குப் பாதி. லைனிங்குக்கு வெறும் நிறம். ஒரே தோலின் ஸ்கேனைக் கறுப்பாகவும் பழுப்பாகவும் சாயமேற்றிப் பல கடைகளில் தொங்கவிட்டாய். நான் சேர்த்தது ஒரு விதிதான்: நான்கு ஜிபியில் நான்கும் நம்முடையதல்ல, விண்டோஸுக்கு ஒரு பங்கு விட்டுவிட்டே திட்டமிட வேண்டும். "ஓரம் உட்டு வெட்டுன்ற. சரி" என்றாய். அந்த வாரம் முழுவதும் ஒவ்வொரு பரப்புக்கும் நீ ஜாஸ்தி கேட்டாய், நான் கம்மி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, தையல் பிரிவுப் பெண் ஒருத்தி முதலில் அமர்ந்தாள். பைக் கடைத்தெருவுக்குள் திரும்பியது. ஒரு துள்ளல் இல்லை. நான் ஃபிரேம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பாதித் தெருவில் அவள் பைக்கை நிறுத்திவிட்டாள்.

"ஏம்மா நிறுத்திட்ட? ரயிலு போய்டும்!" என்று பாய் பதறினார்.

"இருங்க பாய்." அவள் திரையருகே குனிந்தாள். "இது ஆட்டுத் தோலுதானே? தோல் மேல இருக்கிற கிரெய்ன் கோடெல்லாம் எப்டித் தெரியுது பாருங்க. நாங்க தெக்கிற சரக்கு!"

ரயில் கூவிக்கொண்டு கிளம்பியது. அதைப் பிடிக்கும்படி கேமை ஓடவைக்க ஒரு வாரம் என்னோடு உழைத்த நீ, "போனா போவட்டும்மா. நீ நல்லாப் பாரு" என்றாய். எத்தனையோ தரச் சான்றுகளில் நான் கையொப்பமிட்டிருக்கிறேன். அவள் பைக்கை நிறுத்தியதற்கு ஈடாக அவற்றில் ஒன்றுமில்லை.

பாய் இப்போது பழைய கார்டுகளைக் கழற்றிவிட்டு, அதிக மெமரி உள்ளவற்றைப் பொருத்திவிட்டார். "இனிமே எல்லாத்தயும் ஃபுல் சைஸ்ல போட்டுக்கலாம் சார்" என்றார். வேண்டாம் என்றேன். கழற்றிய கார்டுகளைப் பேரணாம்பட்டில் புதிதாகக் கடை திறக்கும் ஒருவர் வாங்கிப்போயிருக்கிறார். அங்கும் தோல் வேலைக்குப் போகிறவர்கள்தாம் வருவார்கள். வரும் ஞாயிறு காலை பஸ்ஸில் நம் கேமை எடுத்துக்கொண்டு நான் போகிறேன். ஒரு படத்தின் அளவைக்கூட மாற்றவில்லை. யார் செய்தது என்று அவர்கள் கேட்பார்கள். உன் பெயரைச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு என் பெயரைச் சொல்வேன்.

உன்
ஆபீசர்